ஒப்புதல் படிவம்

செவ்வாய் இரவு ஒன்பதுக்குத் திரை விழிக்கும்.
பதினொரு சதுரங்களில் பதினொரு ஆசிரியர்கள்.
ரெட் டியர் ஊர் இயற்பியல் ஆசிரியன் ஆட்டிஸ்
தோளில் குழந்தையைத் தட்டியபடியே
விசுவாசமும் கற்பித்தலும் பேசுவான்.
பேராசிரியர் ஃபீன்ஸ்ட்ரா ஜெபித்துத் தொடங்குவார்.
ஆமென் ஒவ்வொரு சதுரத்திலிருந்தும்
வெவ்வேறு நொடியில் வந்து சேரும்.
அந்த முன்பின் எனக்குப் பிடிக்கும்.

லெத்பிரிட்ஜில் காற்று அடித்தால்
வாரக்கணக்கில் அடிக்கும்.
கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறக்க வேண்டும்.
பகலெல்லாம் ஐந்தாம் வகுப்பு:
பின்னங்கள், மூக்குச்சளி, தொலைந்துபோன ஒற்றைக் கையுறை.
இரவில், முப்பத்தொன்பது வயதில்,
நான் மாணவி.
காலைக்குள் திருத்த வேண்டிய நோட்டுகளின் மேல்
என்னைத் திருத்தப்போகிறவருக்கான கட்டுரை.

முதுகலைக்கு ஆய்வுக்கேள்வி ஒன்று வேண்டும்.
காலையில் மூன்று நிமிட மௌனம்
வகுப்பின் கவனத்தை என்ன செய்கிறது?
எளிமை, நல்லது, என்றார் பேராசிரியர்.

மௌனத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள்
இமையிடுக்கில் ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள்.
இருபத்துமூன்றாமவன்
மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து
எதையோ பொத்தி வைத்திருப்பவன்போல
அசையாமல் இருந்தான்.
மணி அடித்தும் எடுக்கவில்லை.
என்ன அங்கே, என்றேன்.
"காலையில கன்னுக்குட்டி செத்துப்போச்சு மிஸ்.
அதோட கடைசி மூச்சு இங்கதான் பட்டுச்சு."

குறிப்பேட்டில் எழுதினேன்: மாணவர் 23.
எழுதி முடித்ததும்
எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். மறைக்கமாட்டேன்.
இப்படி ஒரு வரி கிடைத்தால்
ஆய்வுக்கு உயிர் வந்துவிடும்,
கன்றுக்கு வராவிட்டாலும்.

படிவங்கள் வீடுகளுக்குப் போயின.
இருபத்திரண்டு கையெழுத்துகள் திரும்பின,
ஒன்றில் ஜாம் கறை.
அவன் அம்மா நேரில் வந்தார்,
பூட்ஸில் பீட்கிழங்கு வயலின் சேறு,
படிவம் நாலாக மடிந்து கையில்.
உட்காரவில்லை.
அவன் சொன்னதைச் சொன்னேன்.
எவ்வளவு அழகு பாருங்கள், என்றேன்.
அவர் வெகுநேரம் பலகையையே பார்த்தார்,
அதில் முக்காலும் அரையும் கூட்டிக் கிடந்தது.
"வீட்டில் அவன் அதைப் பேசவே இல்லை."
பெயரை மாற்றிவிடுவோம், என்றேன்.
"மாற்றினால் அவன் யாரென்று
அவனுக்குத் தெரியாமல் போகுமா?"
கோபமில்லை. காற்று கதவைப் பிடுங்கிவிடாதபடி
மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

என் மூன்றாம் அத்தியாயத்தில்
தேவசாயல் பற்றிப் பதினான்கு பக்கம்,
அடிக்குறிப்புகளோடு.

ஃபீன்ஸ்ட்ராவைக் கேட்டேன். நீக்கிவிடு, என்றார்.
"எல்லாத் தாலந்தையும் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம், பெர்சிஸ்.
சிலது புதைந்தே கிடக்கட்டும்."
பிறகு தானே சிரித்துக்கொண்டார்:
"எங்கள் போதகரிடம் சொல்லிவிடாதே."

நீக்கினேன்.
அட்டவணையில் மொத்தம் இருபத்திரண்டானது.
சராசரி அசையவே இல்லை,
தசமப் புள்ளிக்குப் பின்னும் அதே எண்.
அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

மே மாதம் பட்டம் வந்தது.
இரவல் அங்கி எனக்கு நீளம்.
ஆட்டிஸின் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது,
என் அங்கியின் ஓரத்தை மிதித்துக்கொண்டே வந்தது.

காலையில் மூன்று நிமிடம் இன்றும் உண்டு.
யாரும் அளப்பதில்லை.
அவன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான்,
நடைவழியில் பார்த்தால் தலையாட்டுவான்,
கைகள் சட்டைப்பைக்குள்.

இங்கேயும் அவன் பெயரை எழுதவில்லை.
ஆனால் ஊரைச் சொல்லிவிட்டேன்,
கன்றைச் சொல்லிவிட்டேன்,
அந்த அம்மாவின் பூட்ஸைக்கூட.
இதற்குப் படிவம் கொண்டுவா என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் வாங்கவில்லை.